தமிழ்ப் பக்கங்களுக்குத் தனி ஃபில்டர் தேவையா?

அல்சூர்க்காரன்: "பைத்தான் 3 நிரல்மொழியே யூனிகோடை (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் முறை) பார்த்துக்கொள்ளும், இணையப் பக்கங்களை நிரலால் அள்ளும் ஸ்கிரேப்பிங்கில் சொல்லெழுத்துகளைப் பொறுக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ குறியே போதும், தமிழுக்குத் தனி ஃபில்டர் வெட்டிவேலை" என்று நேற்று மடிவாளா தம்பி எழுதியிருந்தார். மனசு ஆறவில்லை. 'பெங்களூரு' என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ப, ங, கள, ர. நாலு துண்டு! புள்ளி, கொம்பு எல்லாம் போச்சு.

மடிவாளா_தம்பி: அண்ணே, மூன்று வருஷமாக ஸ்கிரேபி என்ற ஸ்கிரேப்பிங் கருவியில் தமிழ்ச் செய்திகளை எடுக்கிறேன். ஒரு குறையும் வந்ததில்லை.

அல்சூர்க்காரன்: வரவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா? டபிள்யூவை ஓட்டும் பைத்தானின் 'ரீ' தொகுப்புக்கு எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் கணக்கு. புள்ளியும் உயிர்க்குறியும் யூனிகோடில் 'மார்க்' வகை. அதனால்தான் அந்த இடத்தில் அறுக்கிறது. நாலு துண்டு.

ஜெயநகர்_அக்கா: 'ரீ'க்குப் பதில் 'ரெஜெக்ஸ்' தொகுப்பை நிறுவினால் அதே டபிள்யூ புள்ளியோடு முழுச் சொல்லாக எடுக்கும். இதற்கு இத்தனை சத்தமா?

அல்சூர்க்காரன்: சரி, 'கொ'வை ஒருவர் ஒற்றைக் குறியாகவும் இன்னொருவர் கொம்பு, கால் என்று இரண்டாகவும் தட்டுகிறாரே, அதை எந்தத் தொகுப்பு சேர்க்கும்? பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் முறையைப் போட வேண்டும். 'ஔ'வை ஒ, ள என்று தட்டியிருந்தால் என்எஃப்சியும் சேர்க்காது. கையால்தான் விதி எழுத வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.

ஜெயநகர்_அக்கா: அந்த விதியைத்தானே போன வருஷம் எனக்குக் கொடுத்தீர்கள்? 'ஒளி' வந்த இடமெல்லாம் 'ஔ' ஆக்கி, பக்கத்தில் கொக்கி தனியாகத் தொங்கியது. இரண்டு நாள் திருத்தினேன். ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

அல்சூர்க்காரன்: சொல்லின் முதலில் மட்டும், அதுவும் பட்டியலைப் பார்த்துப் போடுங்கள் என்று சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை.

ஜெயநகர்_அக்கா: சொல்லவே இல்லை!

கேஆர்புரம்_வாசி: அதிருக்கட்டும், தமிழில் 'பெங்களூர்' தானே? 'பெங்களூரு' என்று ஏன் எழுதுகிறீர்கள்?

மடிவாளா_தம்பி: 2014 நவம்பர் 1 முதல் அரசே அப்படித்தான் எழுதுகிறது.

கேஆர்புரம்_வாசி: அரசு மாற்றியது ஆங்கில எழுத்தைத்தான். என் பாட்டி சிவாஜிநகரில் பிறந்தவர், கடைசிவரை பெங்களூர் என்றுதான் சொன்னார்.

அல்சூர்க்காரன்: பாட்டி எப்படிச் சொன்னால் என்ன? 'பெங்களூர்' போட்டாலும் தம்பியின் டபிள்யூவில் அதே ப, ங, கள, ர. இரண்டு பெயரும் ஒன்றாகிவிடும்.

கேஆர்புரம்_வாசி: பாட்டியை இழுக்காதீர்கள்.

அல்சூர்க்காரன்: தம்பி, ஓட்டிப் பார்த்தீர்களா? நாலு துண்டா இல்லையா?

மடிவாளா_தம்பி: பஸ் சில்க் போர்டில் நிற்கிறது. வீட்டுக்குப் போய் ஓட்டுகிறேன். ஆனால் என் பக்கங்களில் குறை இல்லை.

அல்சூர்க்காரன்: நாலு துண்டு, தம்பி. விழித்திருக்கிறேன்.