மெல்போர்ன்: ஹே ஃபீவர் (மகரந்த அலர்ஜி) மட்டும் இருப்பவர் இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கைக்குப் பயப்பட வேண்டுமா?

டார்னீட் கோவைக்காரி:
வணக்கம். கோயம்புத்தூரில் இருந்தவரை என் கணவருக்கு மூக்கடைப்புகூட வந்ததில்லை. மெல்போர்ன் வந்து சில வருஷம் கழித்து ஆரம்பித்தது. அக்டோபர் பிறந்தால் கண் அரிப்பு, மூக்கொழுகல், அடுக்குத் தும்மல். அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், பாதி நேரம் வெளியில்தான். போன வாரம் இடிமழை ஆஸ்துமா அபாயம் அதிகம் என்று போனில் எச்சரிக்கை வந்தது. "அதெல்லாம் வீசிங் இருக்கிறவங்களுக்கு" என்கிறார். அப்படித்தானா? இன்னொன்று: வாடகை வீட்டுக் குளியலறைக் கூரையில் கறுப்பாகப் பூஞ்சை படிகிறது. மகளுக்கு இரவில் வறட்டு இருமல். சம்பந்தம் இருக்குமா?

நைட் டியூட்டி அக்கா:
இல்லை தங்கச்சி, அந்த எச்சரிக்கை அவருக்கும்தான். 2016 நவம்பர் 21, திங்கட்கிழமை, 35 டிகிரி வெயில். சாயங்காலம் மேற்கிலிருந்து புயல்காற்று ஊருக்குள் வந்தபோது நான் அவசரப் பிரிவில் இருந்தேன். நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறியவர்களில் பலர் இன்ஹேலரைத் தொட்டதே இல்லாதவர்கள். "எனக்கு ஹே ஃபீவர் மட்டும்தான் சிஸ்டர்" என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். மூச்சுத் தொல்லையோடு வழக்கத்தைவிட 3,000 பேருக்கு மேல் கூடுதலாக மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 10 பேர் இறந்தார்கள். இந்திய, இலங்கை வம்சாவளியினர் அவர்களுடைய மக்கள்தொகைக்கு மீறிப் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் வந்த ஆய்வுகளும் சொல்லின. அதனால்தான் நம் ஆட்களைப் பார்த்தாலே இதைப் பிடித்துச் சொல்கிறேன்.

ரை கிராஸ் என்ற மேய்ச்சல் புல்லின் மகரந்தம்தான் காரணம். முழு மகரந்தத்தூள் பெரியது, மூக்கிலேயே தங்கிவிடும், தும்மலோடு போய்விடும். இடிமழைக் காற்று அதை மேலே அள்ளிக்கொண்டு போகும்போது ஈரம் பட்டு வெடிக்கிறது. உள்ளேயிருந்து 3 மைக்ரானுக்கும் சிறிய மாவுத்துகள்கள் கொட்டும். அவை நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மழைக்கு முன்னால் தரையோடு வீசுகிற காற்றில்தான் ஆபத்து. "தூறல் விழட்டும், அப்புறம் உள்ளே போகலாம்" என்று வெளியே நிற்பது கூடவே கூடாது. ஜன்னலைச் சாத்தினாலும், நம் ஏரியா வீடுகளில் கூரைமேல் இருக்கும் எவாப்பரேட்டிவ் கூலர் வெளிக்காற்றை இழுத்து உள்ளே விடும். அதையும் நிறுத்துங்கள்.

இந்த வாரமே ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) கூட்டிப் போங்கள். சிரித்தால், ஓடினால், இரவில் படுத்தால் இருமல் வருகிறதா என்று கேட்பார். கண்டுபிடிக்காத ஆஸ்துமா பலருக்கு இப்படித்தான் தெரியவரும். மூக்கு ஸ்ப்ரேயை சீசன் முழுக்கத் தினமும் அடிக்க வேண்டியிருக்கும்.

டண்டினோங் யாழ்ப்பாணத்தான்:
பூஞ்சணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் மகனுக்கு ஆஸ்துமா இருப்பதால் இதோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறோம். ஈரவீட்டுப் பூஞ்சணம் பிள்ளைகளின் இருமலையும் இழைப்பையும் கூட்டும். ஆனால் உங்கள் மகளின் இருமலுக்கு அதுதான் காரணமா என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மேலே பெயின்ட் அடித்து மறைப்பதில் பிரயோசனம் இல்லை, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரை ஒழுக்கு, குழாய்க் கசிவு போல கட்டடத்தால் வருகிற ஈரம் என்றால் நம் விக்டோரியா மாநிலத்தில் அது வீட்டுக்காரர் உடனே செய்ய வேண்டிய அவசரப் பழுதுபார்ப்பு. படம் எடுத்து ஏஜென்டுக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். குளித்த நீராவியால் என்றால் ஃபேன் போடுவது, குளிர்காலத்தில் அறைக்குள் துணி காயப்போடாமல் இருப்பது எல்லாம் நம் பக்கத்து வேலை.

டார்னீட் கோவைக்காரி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அவரிடம் படித்துக் காட்டினேன், ஜிபியிடம் வரச் சம்மதித்துவிட்டார். வேலை நேரத்தில் காற்று கிளம்பிவிட்டால் என்ன செய்வது?

நைட் டியூட்டி அக்கா:
கிடங்குக்குள் வந்து கதவை இறக்கச் சொல்லுங்கள். வென்டோலினை (மூச்சுத் திணறலை உடனே தணிக்கும் இன்ஹேலர்) மருந்துச்சீட்டு இல்லாமலே பார்மசிஸ்ட்டிடம் கேட்டு வாங்கலாம். இன்ஹேலரில் மாட்டிக்கொள்ளும் குழாயான ஸ்பேசரும் சேர்த்து வாங்கி வேலைப்பையில் வைத்துவிடுங்கள். மூச்சு முட்டினால் உட்கார்ந்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக 4 பஃப், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிஷம் பார்த்துவிட்டுத் தேறவில்லை என்றால் அவசர எண் 000-ஐக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அதையே தொடர வேண்டும். பேச்சு வராத அளவுக்குத் திணறினால் முதலிலேயே 000. முன்னறிவிப்பு அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை தினமும் மாநில அரசின் அவசர எச்சரிக்கை ஆப்பான விக்எமர்ஜென்சியில் வரும். அவருடைய சூப்பர்வைசரையும் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.