தலையில் அடிபட்ட பிறகு காது இரைச்சலும் சத்தம் தாங்காமையும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணத்திலிருந்து

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுந்தேன். வலது காதுக்குப் பின்பக்க எலும்பில் விரிசல், உள்ளே லேசான இரத்தக் கசிவு. அறுவை சிகிச்சை இல்லாமலேயே தேறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஒரு ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றதும்தான் கேட்டது. கீ...ங் என்று ஒரே சுருதியில், விடாமல். ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கூடவே வந்தது.

அந்த இரைச்சலைவிட என்னைப் பாடாய்ப் படுத்தியது வெளிச் சத்தம்தான். மாமியார் எவர்சில்வர் தட்டை அடுக்கினால் உடம்பே கூசும். குக்கர் விசிலுக்குக் கண்ணில் நீர் முட்டும். ஒரு சத்தம் மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். டிவி ஓடி, மிக்ஸியும் ஓடி, நடுவில் யாராவது ஏதாவது கேட்டால் தலை கிறுகிறுத்து அப்படியே உட்கார்ந்துவிடுவேன். "காது நல்லாத்தானே கேக்குது, அப்புறம் என்ன?" என்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வெளியே காயம் எதுவும் தெரியவில்லையே.

எனக்கு ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்த பெண்தான் பொறுமையாக விளக்கினார். அடிபட்டதில் உள்காதிலுள்ள நுண்ணிய முடி செல்கள் சில பழுதாகிவிட்டன, அவை திரும்ப வளராது. அங்கிருந்து வரும் சேதி குறைந்துபோனதால், ஸ்டேஷன் சரியாக எடுக்காத ரேடியோவில் நாம் வால்யூமைத் திருகுவதுபோல மூளை தன் பங்குக்கு ஏற்றி வைக்கிறதாம். அதனால்தான் இல்லாத ஒலியும் கேட்கிறது, தட்டுச் சத்தமும் இடியாக விழுகிறது. வேண்டாத சத்தத்தை ஒதுக்கித் தள்ளுகிற வேலையையும் அடிபட்ட மூளையால் முன்புபோலச் செய்ய முடிவதில்லை.

"எந்நேரமும் காதை அடைச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார். அடைக்க அடைக்க மூளை இன்னும் ஏற்றுமாம், சாதாரணப் பேச்சுகூட நாளடைவில் வலிக்கத் தொடங்குமாம். நிஜமாகவே பெரிய சத்தம் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் காது அடைப்பான் வைக்க வேண்டும். மற்ற நேரத்தில், ராத்திரி உட்பட, மெல்லிதாக ஏதாவது ஒலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான் போனில் மழைச் சத்தம் வைத்துக்கொள்கிறேன். அதுவும் இரைச்சலை முழுசாக அமுக்கிவிடக் கூடாது, அதற்குச் சற்றுக் கீழேயே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் இது ஆபத்தில்லாத ஒலி என்று மூளை பழகும்.

இரைச்சல் இன்னும் போகவில்லை. ஆனால் சில மத்தியானங்களில் அதை மறந்தே போகிறேன். வீட்டில் கண்டுபிடித்த ஒன்று: "விசில் வரப்போகுது" என்று யாராவது முன்கூட்டியே குரல் கொடுத்தால் அதே விசில் பாதியாகத்தான் தாக்குகிறது. இப்போது என் சின்னப் பெண்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு.

கோயம்புத்தூரிலிருந்து

அக்கா, முன்னாடியே சொல்லிட்டா தாங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அது நூத்துக்கு நூறு உண்மைங்க.

நான் லேத் பட்டறையில இருந்தவன். கூரை ஷீட் மாத்தும்போது விழுந்து மண்டையில அடி. ஆடியோகிராம்ல 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமா இறங்கியிருந்துச்சுங்க, அதாவது கீச்சுன்னு வர்ற சத்தம் சரியாக் கேக்கலை. வருஷக்கணக்கா மெஷின் சத்தத்துல நின்னவங்களுக்கு அந்த இடத்துலதான் முதல்ல இறங்குமாம். விழுந்ததும் சேர்ந்துக்கிச்சுன்னாரு டாக்டர். ஃபேக்டரிகளுக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் வரம்புன்னு விதி இருக்குதுங்க. எங்க பட்டறையில அதையெல்லாம் யாரும் அளந்து பார்த்ததே இல்லை.

இப்ப ஸ்டோர்ஸுக்கு மாறிட்டேன். மெஷின் பக்கம் போகணும்னா மட்டும் காது மஃப் (ஹெட்ஃபோன் மாதிரி காதை மூடுறது) போடுவேன், வெளிய வந்ததும் கழட்டிருவேன். தூக்கம் கெட்ட மறுநாள் இரைச்சல் ரெண்டு மடங்குங்க. அதனால ராத்திரி ஷிப்ட்டை மட்டும் ஒத்துக்கறதே இல்லை.

இன்னொண்ணு. ஆளாளுக்கு காதுல எண்ணெய் விடு, பூண்டுச் சாறு விடுன்னு சொல்லுவாங்க. தலையில அடிபட்டவங்களுக்குச் செவிப்பறை கிழிஞ்சிருக்கலாம், எலும்புல விரிசல் இருக்கலாம். காதுக்குள்ள ஒரு சொட்டுகூட விடாதீங்க. இரைச்சலை அடியோட நிறுத்தற மாத்திரைன்னு ஒண்ணு இதுவரைக்கும் வரலைங்க. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டாக் குடுக்காதீங்க.

திருநெல்வேலியிலிருந்து

இதைக் கட்டாயம் சொல்லணும்னுதான் எழுதுறேன். என் வீட்டுக்காரருக்கு பைக் விபத்துக்கு அப்புறம் வந்தது 'கீங்' சத்தம் இல்லை. உஸ்... உஸ்... என்று நாடித் துடிப்போடு சேர்ந்து வந்தது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தாளம். பிறகு ஒரு கண் சிவந்து முன்னால் துருத்தியது, பார்க்கும் பொருளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மூளைக்குப் போகும் பெரிய தமனி கண்ணுக்குப் பின்னால் கிழிந்து, இரத்தம் பக்கத்துச் சிரைக்குள் பாய்கிறது என்று ஆஞ்சியோவில் தெரிந்தது. தொடை வழியாகக் குழாய் செலுத்தி, 'காயில்' என்கிற மெல்லிய உலோகச் சுருளை வைத்து அடைத்தார்கள். அன்றைக்கே சத்தம் நின்றது. துடிப்போடு சேர்ந்து வருகிற சத்தம் என்றால் பழகிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து மறுபடியும்

சகோதரி, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. படித்ததும் நானும் நாடியைப் பிடித்துப் பார்த்தேன், என்னுடையது அந்த வகை இல்லை.

தம்பி கேட்காவிட்டாலும் திருவிழாக் காலம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று தமிழ்நாட்டில் வெடிக்கும் நேரம் வகுத்திருப்பது எனக்குப் பெரிய உதவி. அந்த இரண்டு மணி நேரமும் மஃப் போட்டுக்கொண்டு உள்ளறையில் ஃபேனோடு இருந்துவிடுவேன். நேரம் தப்பி வெடிக்கிறவர்களும் உண்டு, சரவெடிக்கு முன்னறிவிப்பு ஏது? ஆடி மாதத்தில் எங்கள் தெருமுனையில் கோன் ஸ்பீக்கர் கட்டுவார்கள். இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. ஆனால் எனக்குப் பகல்தான் பிரச்சினை. ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கோயில் கமிட்டிப் பெரியவரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். "என்னம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று ரேடியோ செட்காரரைக் கூப்பிட்டு, கோனை எங்கள் வாசல் பக்கமிருந்து குளத்துப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னார். சத்தம் கணிசமாகக் குறைந்தது. தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த வாரம் நாத்தனார் மகள் கல்யாணம், போகாமல் இருக்க முடியாது. கெட்டிமேளம் முடியும்வரை பந்தி நடக்கும் இடத்துப் பக்கம் நின்றுவிட்டு, பிறகு போய் அட்சதை போடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பந்தியிலும் வாளி, கரண்டிச் சத்தம் இருக்குமே. மண்டபத்துக்குப் போய் வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தீர்கள், எவ்வளவு நேரம் தாங்கினீர்கள்?