ஸ்டிலெட்டோவுக்கு ‘ஊசிக்குதி’: என் ‘ஆணிக்குதி’யைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

செருப்பின் பின்பக்கம் மெலிந்து உயர்ந்து நிற்கும் குதியை ஆங்கிலத்தில் ஸ்டிலெட்டோ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் ஒருமுறை உட்கார்ந்து படித்து முடித்தேன். ‘ஆணிக்குதி’யை முன்வைத்தவள் நான்தான். அதை நானே திரும்பப் பெறுகிறேன். ‘ஊசிக்குதி’க்கே என் வாக்கு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது ஒரு சொல்லோடு முடிகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

விழாப் படங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. ‘செங்கம்பளம்’ என்ற சொல் எவ்வளவு அழகாக உட்கார்ந்துவிட்டது பாருங்கள், அதை எழுதும்போது கை தயங்குவதே இல்லை. உடைக்கும் சொல் இருக்கிறது: தோள் திறந்த கவுன், தரை புரளும் பாவாடை, பின்கொசுவம். காலுக்கு வந்ததும் எல்லாமே ‘ஹீல்ஸ்’ ஆகிவிடுகிறது. விரல்கனம்கூட இல்லாத குதியும் ஹீல்ஸ், செங்கல் மாதிரி நிற்பதும் ஹீல்ஸ், ஒன்றரை அங்குலத்தில் அடக்கமாக இருப்பதும் ஹீல்ஸ். படத்தில் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது, எழுத்தில் தெரிவதில்லை. என் மனக்குறை இதுதான்.

ஐயா ஒருவர் ‘குத்துவாள் குதி’ என்று எழுதியிருந்தார். ஸ்டிலெட்டோ என்றால் இத்தாலிய மொழியில் சிறு குத்துவாள், ஆகவே மூலத்துக்கு உண்மையாக இருப்போம் என்பது அவர் வாதம். மதிப்போடு மறுக்கிறேன். அந்தக் கத்திப் பெயரைச் செருப்புக்கு வைத்தவர்கள் ஆங்கிலம் பேசுபவர்கள். இத்தாலியர்கள் அந்தக் குதியைத் ‘தாக்கோ அ ஸ்பில்லோ’ என்கிறார்கள், அதாவது குண்டூசிக் குதி. பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஸ்பானியர்களுக்கும் அது ஊசிக்குதி. ஜெர்மானியர் குதியின் மெலிவை விட்டுவிட்டு, தரையைத் தொடும் முனையைப் பார்த்துச் சில்லறைக் காசின் பெயரை வைத்தார்கள். ஒவ்வொரு மொழியும் அந்தப் பொருளைத் தன் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. நாமும் அப்படியே வைக்கலாம், ஆங்கிலத்தின் உவமையைச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நான் ‘ஆணி’யைப் பிடித்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஸ்டிலெட்டோவின் வேர் லத்தீனில் உள்ள ‘ஸ்டிலுஸ்’. மெழுகுப் பலகையில் கீறி எழுதும் கூர்ங்கோல் அது. நம் எழுத்தாணிதான்! இதைக் கண்டபோது அன்று முழுக்க மனம் துள்ளியது. இரண்டாவது, நான் கையில் வைத்துப் பார்த்தது. என் பழைய செருப்பு ஒன்றின் குதி முறிந்துபோனது. கறுப்பு பிளாஸ்டிக் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. உள்ளே பேனா ரீஃபில் கனத்துக்கு ஓர் எஃகுக் கம்பி, லேசாகத் துருவேறி, வளையாமல் அப்படியே நின்றது. அடிமுனையில் இருந்த ரப்பர் வில்லை என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இத்தனை நாள் என் எடையைத் தாங்கியது உள்ளே இருந்த ஓர் ஆணி!

1950களில் இந்தக் குதி பரவியதற்கும் அந்தக் கம்பிதான் காரணம். வெறும் மரத்தில் அவ்வளவு மெலிதாகச் செதுக்கினால் ஒடிந்துவிடும். உள்ளே உலோகம் வந்த பிறகுதான் பாரிஸில் டியோர் ஆடை நிறுவனத்துக்காக ரோஜர் விவியேயும் இத்தாலியில் சால்வடோரே ஃபெராகாமோவும் ஆகிய காலணி வடிவமைப்பாளர்கள் அதை அத்தனை மெல்லியதாக இழைக்க முடிந்தது. உடலின் எடை அந்தச் சின்ன முனையில் இறங்குவதால் மரத்தளங்களில் குழிகுழியாகத் தடம் விழுந்து அந்தக் காலத்தில் பெரிய புகாரானது.

அப்புறம் மருத்துவம் படித்த தோழி ஒரே வரியில் என்னைத் திருத்தினார்: “காலில் ஆணி என்றால் தமிழர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும்.” உண்மைதான். கால் ஆணி என்பது பாதத்தில் தோல் தடித்து, நடந்தால் உயிர்போகும் வலி. இறுக்கமான உயர்குதிச் செருப்பு கொண்டுவந்து சேர்க்கும் தொல்லைகளில் அதுவும் ஒன்று. ‘ஆணிக்குதி’ என்று எழுதினால் குதியில் ஆணி வந்தவரைப் பற்றி எழுதியதாகத்தான் படிப்பார்கள். வேர் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் படிப்பவர் மனதில் ஏற்கெனவே குடியிருக்கும் பொருளை நம்மால் காலிசெய்ய முடியாது. எழுத்தாணியை விட மனமில்லை. ஆனாலும் விடுகிறேன்.

‘ஊசி’க்கு வந்த மறுப்பையும் பார்த்தேன். இன்று ஊசி என்றாலே மருந்து ஏற்றுவதுதான் தோன்றும் என்கிறார்கள். தனிச்சொல்லாக நிற்கும்போது சரி. தொகையில் முன்னால் வந்தால் ‘மெலிந்து நீண்ட’ என்ற பொருள்தான் மேலெழும். ஊசிமிளகாய், ஊசியிலை மரம், ஊசித்தட்டான் எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. அவற்றைப் படித்து யாரும் மருத்துவமனையை நினைப்பதில்லை.

இன்னொருவர் ‘குதி’யே வேண்டாம், அது தாவுவதைக் குறிக்கும் ஏவல்வினை என்றார். இதற்குத் தமிழே விடை வைத்திருக்கிறது. ‘ஊசிக்குதி’யில் க் மிகுகிறது, ஆகவே அது பெயர்த்தொகை. வினையாகப் படிக்க வழியில்லை. உடலில் உள்ளதைக் குதிகால் என்று சொல்லிவிட்டால் செருப்பில் உள்ளதற்குக் ‘குதி’ தாராளமாகக் கிடைக்கிறது. பொதுப்பெயராக ‘உயர்குதி’ இருக்கட்டும்.

ஒரு சொல் நிலைக்குமா என்று பார்க்க அதற்குப் பிள்ளைகள் பிறக்கின்றனவா என்று பார்ப்பேன். குதிக்குப் பிறக்கின்றன. ஆங்கிலத்தில் பூனைக்குட்டிப் பெயரில் வழங்கும் குள்ளமான மெல்லிய குதி ஒன்று அண்மை ஆண்டுகளில் செங்கம்பளத்துக்குத் திரும்பி வந்திருக்கிறதே, அதற்குக் ‘குட்டிக்குதி’. தமிழில் குட்டி என்றால் பூனையின் பிள்ளையும் ஆகும், சிறியதும் ஆகும். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து விழுகிறது, இதைவிட வேறென்ன வேண்டும்! சதுரமாகத் தடித்து நிற்பது கட்டைக்குதி. முன்னிருந்து பின்வரை இடைவெளி இல்லாமல் சரிவாக ஏறும் வெட்ஜுக்கு ‘ஆப்புக்குதி’. இயற்பியல் பாடத்தில் படித்த அதே ஆப்பு. 1930களில் இத்தாலியில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஃபெராகாமோ தக்கையை அடுக்கி இதைச் செய்தார். எஃகு கிடைத்தபோது ஊசி, கிடைக்காதபோது ஆப்பு. செய்முறையே பெயரில் தெரிகிறது.

குதிக்குக் குதி, செருப்பின் கீழ்ப்பரப்புக்கு அடி என்று பிரித்துக்கொண்டால் இன்னொரு குழப்பமும் தீரும். பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னரின் அவையில் ஆண்கள் அணிந்த சிவப்பு ‘செங்குதி’. இன்று காலணி வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லூபூட்டனின் செருப்புகளில் நடக்கும்போது பின்னாலிருந்து மின்னுகிற சிவப்பு ‘செவ்வடி’. உதவியாளரின் நகப்பூச்சை வாங்கி அடியில் தீட்டிப் பார்த்ததில் தொடங்கி, வணிகக் குறியாக அதைக் காக்க ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2018இல் சாதகமான தீர்ப்பும் பெற்றார்கள். வழக்கே அடியின் நிறம் பற்றியது. அதைச் ‘சிவப்பு ஹீல்ஸ் வழக்கு’ என்று எழுதினால் செய்தியே தவறாகிவிடும்.

வார் வைத்தவற்றில் சிக்கல் இல்லை. குதிகாலுக்குப் பின்னால் ஒற்றை வார் ஓடுவது ‘பின்வார்’, 1957இல் ஷனேல் ஆடை நிறுவனம் கொண்டுவந்த பழுப்பும் கறுப்புமான இருநிறக் காலணி இந்த வகை. புறங்காலுக்குக் குறுக்கே வார் வரும் மேரி ஜேன் ‘குறுக்குவார்’. குதியே இல்லாதது ‘தட்டைக் காலணி’. கட்டைவிரலைத் தனியே பிரிக்கும் தபி ஜப்பானியப் பெயரோடுதான் உலகமெங்கும் போகிறது, நாமும் தபி என்றே எழுதுவோம். வாரில்லாமல் காலை நுழைத்து அணியும் லோஃபரையும் தொட வேண்டாம்.

இவற்றை என் குறிப்புகளில் பொருத்திப் பார்த்தேன். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தட்டைக் காலணி அணிந்து வந்த பெண்கள் சிலரை உள்ளே விடவில்லை என்று 2015இல் செய்தி வந்து கொந்தளிப்பானது நினைவிருக்கும். அடுத்த ஆண்டே நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் அதே படிகளில் வெறுங்காலோடு ஏறினார். 2018இல் நடுவர் குழுவில் இருந்த நடிகை கிறிஸ்டன் ஸ்டூவர்ட் கம்பளத்திலேயே செருப்பைக் கழற்றினார். அந்தப் படத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: “ஊசிக்குதிகளைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெறுங்காலுடன் படியேறுகிறார்.” வாய்விட்டுப் படித்தேன். எங்கும் தடுக்கவில்லை. ‘ஹீல்ஸைக் கழற்றி’ என்று எழுதியபோது வராத வலி ‘ஊசி’யில் வந்துவிடுகிறது. அவர் ஏன் கழற்றினார் என்பதற்கு விளக்கமே தேவைப்படவில்லை.

இரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று பிளாட்ஃபார்ம். பாதத்துக்குக் கீழே முழுக்கத் தடித்த அடி. 1938இல் ஃபெராகாமோ நடிகை ஜூடி கார்லண்டுக்காக வானவில் நிறங்களில் அடுக்கியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘தடியடி’ என்று வைக்க முடியாது, அது காவல்துறையின் சொல். ‘மேடையடி’ என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். முழு மனநிறைவு இல்லை.

மற்றது பம்ப்ஸ். புறங்கால் திறந்து, விரல்களும் குதிகாலும் மூடி, வாரோ கயிறோ இல்லாத காலணி. தமிழ் எழுத்தில் பார்த்தால் தண்ணீர் இறைக்கும் பம்புதான் கண்முன் வருகிறது. ‘வாரிலி’ என்று ஒரு யோசனை ஓடுகிறது. ஆனால் லோஃபருக்கும் வார் கிடையாதே. யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். அடுத்த விழாப் படங்கள் வருவதற்குள் கிடைத்தால் அதில் சேர்த்துவிடுவேன்.