என் தலையும் 129-ஆம் பிரிவும்

கீழவாசல்:
“நியாயமான அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதால் தன்னுரிமை குறையாது, தலைக்கவசச் சட்டமே சான்று” என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பெழுதியிருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவை அவர் முழுவதும் படித்தாரா? தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. தார்ச்சாலை ஆள் பார்த்தா மண்டையை உடைக்கிறது?

வைகறை:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். அடிபட்டவரை ஏற்றிச்செல்லும் 108 வண்டியும் அரசு மருத்துவமனைக் கட்டிலும் பொதுப்பணத்தில் இயங்குவதால், உங்கள் மண்டை உங்களுக்கு மட்டும் சொந்தமன்று. காரணத்தை உணர்ந்து பணிபவன் தன் அறிவுக்கே பணிகிறான்.

கீழவாசல்:
அறிவுக்கே பணிகிறான் என்றால் 1000 ரூபாய் அபராதம் எதற்கு? அந்தக் கட்டில் கணக்கு சீக்கியருக்கு மட்டும் ஏன் இல்லை? பிரிட்டன் 1976-இல் இதே விலக்குக்கென்று தனிச்சட்டமே இயற்றியது. அவர்களுடைய மனச்சான்றுக்கு வழிவிட்ட அரசுக்கு, தலைப்பாகை கட்டாத என் மனச்சான்று மட்டும் கண்ணில் படவில்லையா?

நடுநிலையான்:
தன்னுரிமை என்பது எது என்று முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே?

கீழவாசல்:
வரையறை பிறகு. விலக்குக்கு விடை வரட்டும்.

மலர்விழி:
அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாக இருந்தவள் நான். கவசத்தைப் பெட்ரோல் டேங்கின்மேல் வைத்தபடி வந்து விழுந்த ஒருவரை ஓர் இரவு கொண்டுவந்தார்கள். கீறல்கூட விழாத அந்தக் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உங்கள் மனச்சான்றை அந்த அம்மாளிடம் விளக்குங்கள்.

கீழவாசல்:
வருந்துகிறேன், அம்மா. கவசம் நல்லதா என்று நான் கேட்கவே இல்லை, நானும் அணிகிறவன்தான். நல்லதென்று சொல்லித் தருவது வேறு, செய்யாவிட்டால் தண்டிப்பது வேறு. சீக்கியரிடம் நீளாத அந்தக் கை என்னிடம் மட்டும் ஏன் நீளுகிறது என்பதே என் கேள்வி.

வைகறை:
அணிகிறவரா? சென்ற மாதச் சந்திப்புக்கு நீங்கள் வெறுந்தலையோடு வந்திறங்கியதை நாங்கள் பார்க்கவில்லையா?

கீழவாசல்:
அன்று நான் ஓட்டவில்லை. பின்னால் உட்கார்ந்துதான் வந்தேன்.

வைகறை:
129-ஆம் பிரிவு பின்னால் உட்காருபவருக்கும் பொருந்தும். முழுவதும் படிக்கச் சொன்னவர் தாங்கள்தாம்.

கீழவாசல்:
அன்று குடித்த தேநீருக்குப் பங்கு கொடுக்காமல் நழுவியவர் எனக்குச் சட்டம் சொல்ல வந்துவிட்டார். போகட்டும், சீக்கியர் விலக்குக்கு விடை எங்கே?