பழைய சிந்தசைசர் ஒலிகளை வீட்டில் மீட்க முயன்றபோது: மூவரின் அனுபவங்கள்

தாளக்கட்டு:

டோனா சம்மர் பாடி 1977-இல் வெளிவந்த ‘ஐ ஃபீல் லவ்’ பாடலின் பேஸ் (தாழ்ந்த சுரங்களின்) ஒலியை மடிக்கணினியிலேயே உருவாக்கிவிட வேண்டும் என்று சென்ற கோடையில் உட்கார்ந்தேன். மூக் மாடுலர் என்ற பழைய சிந்தசைசரின் (மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியின்) மென்பொருள் வடிவம் ஒன்றைத் திறந்து, ரம்பப்பல் அலையை எடுத்து, கூர்மையான ஒலிகளை வடிகட்டும் ஃபில்டரைத் தாழ்த்தி, அது திறந்து மூடும் நேரத்தைச் சுருக்கியதும், தனிச் சுரமாகக் கேட்கையில் ஒலி மிகவும் நெருங்கி வந்துவிட்டது. ஆனால் சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் சீக்வென்சரில் எல்லா இடங்களையும் சுரங்களால் நிரப்பி ஓடவிட்டால் தையல் இயந்திரம் ஓடுவது போல இருந்ததே தவிர, இசைத்தட்டில் உள்ள துள்ளல் வரவில்லை. மூன்று வாரங்கள் ஃபில்டரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஹெட்ஃபோனின் வலப்பக்கம் பழுதாகிவிட, இடக்காதில் மட்டும் பாடலைக் கேட்க நேர்ந்தது. பேஸ் சுரங்களில் பாதியைக் காணோம்! பாடலின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜார்ஜியோ மொரோடரின் குழுவினர் இயந்திரத்தைக் கொண்டு வாசித்தது பாதிச் சுரங்களை மட்டுமே. அவற்றை இடப்பக்கம் நிறுத்தி, டிலே கருவி சற்றுத் தாமதமாகத் திருப்பிச் சொல்லும் நகலை வலப்பக்கம் வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 127 அடிகள் ஓடும் பாடலில் அந்தத் தாமதம் ஓர் அடியில் கால் பங்கு, அதாவது 118 மில்லி விநாடி அளவில் அமைகிறது. பாதிச் சுரங்களை அழித்துவிட்டு டிலேயை அப்படி வைத்தவுடன், ஃபில்டரைத் தொடாமலேயே துள்ளல் வந்தது.

மியூனிக் நகரின் மியூசிக்லேண்ட் கூடத்தில் இதைப் பதிவு செய்தபோது மூக் சூடேறி அடிக்கடி சுருதி விலகியதால், சிறு சிறு துண்டுகளாகப் பதிவு செய்து, மறுபடி சுருதி சேர்த்துத் தொடர்ந்தார்கள். அதை நினைத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு மூன்று சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) தற்செயல் விலகலைச் சேர்த்திருக்கிறேன். இன்னொன்று: இயந்திர இசை என்று பெயரெடுத்த இப்பாடலில் பேஸ் டிரம்மை வாசித்தவர் கீத் ஃபோர்சி என்ற மனிதர்தான். அது தெரியாமல் டிரம் மெஷின் ஒலிகளைத் தேடி ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன்.

பழந்தட்டு:

ஐயா, நீங்கள் சொல்லும் அந்த விலகல்தான் என்னைக் கெடுத்தது. கேரி நியூமனின் ‘கார்ஸ்’ (1979) பாடலில் மேலே மிதந்து வரும் ஒலி, பாலிமூக் கருவியில் ‘வாக்ஸ் ஹ்யூமானா’ என்ற பெயரோடு ஆயத்தமாகவே இருந்தது. பழைய கருவி என்றாலே சுருதி ஆட வேண்டும் என்று நம்பி, ஒவ்வொரு சுரத்தையும் வெவ்வேறாக விலக்கி வைத்தேன், நாதம் கலங்கிப்போயிற்று. பாலிமூக்கில் விசைக்கு ஒரு ஆஸிலேட்டர் (ஒலியதிர்வை உண்டாக்கும் சுற்று) கிடையாது. மேல் ஸ்தாயிச் சுரங்களின் அதிர்வெண்ணை இரண்டிரண்டாக வகுத்தே கீழ் ஸ்தாயிகளை அது பெறுகிறது என்பதால், ஒரு சுரத்தின் எல்லா ஸ்தாயிகளும் ஒன்றோடொன்று பூட்டியவை போல நிற்கும். விலகலை முழுவதும் நீக்கிய பிறகே ஒலி தெளிந்தது.

ஆறு ஆபரேட்டர்:

என் சிக்கல் சுருதியில் இல்லை. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் ஒலிக்கோப்புகளை டெக்செட் என்ற இலவச மென்பொருள் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்பதால் ‘ஈ.பியானோ 1’ என்ற மின்பியானோ ஒலி உடனே கிடைத்தது. கிடைத்தும், நான் வாசித்தால் தகரத்தைத் தட்டுவது போலக் கிறீச்சிட்டது. டிஎக்ஸ்7-இன் விசைப்பலகை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் விசையை அழுத்திய வலுவைக் குறிக்கும் எண்ணை ஏறத்தாழ 100 வரையே அனுப்பும். என் புதிய விசைப்பலகையோ 127 வரை போகும். அழுத்தம் கூடக் கூட ஒலி கூர்மையாவது அந்த ஒலியின் அமைப்பு. மேல் எல்லையை 100-இல் நிறுத்தியதும் சரியாயிற்று.

தாளக்கட்டு:

பழந்தட்டு அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பதிவை மீண்டும் கேட்டேன். வெப்பத்தால் வரும் விலகல் சுரத்துக்குச் சுரம் குதிக்காது. ஒரு துண்டு முழுவதும் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். நான் செய்தது தவறு. அதை நீக்கிவிட்டு, அரை நிமிடத்தில் ஐந்து சென்ட் இறங்கும்படி ஒரே கோடாக வரைந்து வைத்திருக்கிறேன்.