பழைய 2யூ சர்வரில் பாதி மெமரி காட்டவில்லை, போர்டு போய்விட்டதா?

குளச்சல்_ஸ்கேன்ரூம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். குளச்சலில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். எக்ஸ்ரே, சிடி படங்களைச் சேர்த்து வைக்க இதுவரை ஒரு சாதாரண டெஸ்க்டாப்தான் இருந்தது. போன வருஷத்துப் படத்தை டாக்டர் கேட்டால் அது திறப்பதற்குள் வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். அதனால் போன மாதம் பழையதாக ஒரு ரேக் சர்வர் வாங்கினோம். 2யூ உயரம், முன்னால் எட்டு டிஸ்க், பின்னால் இரண்டு பவர் சப்ளை. இன்டெல் ஜியான் ஈ5-2650 வி4 ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு ப்ராசஸருக்கு இடம் இருக்கிறது, அதில் கறுப்பு மூடி மட்டும்.

வரும்போது 16 ஜிபி மெமரி நான்கு, ஏ1 முதல் ஏ4 வரையுள்ள இடங்களில் இருந்தன. அதே மாதிரி இன்னும் நான்கு வாங்கினேன். இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று பி1 முதல் பி4 வரை போட்டேன். 128 காட்ட வேண்டியது 64தான் காட்டுகிறது. முன்பக்க விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மின்னுகிறது. புதிய மெமரியை ஏ பக்கம் மாற்றிப் போட்டால் வேலை செய்கிறது, ஆக மெமரியில் குறை இல்லை. 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்றும் போட்டேன், அதையும் கண்டுகொள்ளவில்லை. விற்றவரிடம் கேட்டால் "நான் அனுப்பும்போது நன்றாக இருந்தது" என்கிறார். முதலாளியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். சர்வரை ஆஃப் செய்த பிறகும் பின்னால் ஒரு நெட்வொர்க் போர்ட்டில் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, அது சரியா? அப்புறம் அறையில் ஏசி இன்னும் மாட்டவில்லை. சூடாகிறதே என்று மேல் மூடியைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்திருக்கிறேன். கடல் அரை கிலோமீட்டர்தான், ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று வரும்.

கருங்கல்_ரேக் எழுதியது:

தம்பி, போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் 14 வருஷம் டேட்டா சென்டரில் இந்தப் பெட்டிகளைத்தான் ஏற்றி இறக்கினேன். நீங்கள் சொல்வதை அங்கே புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்வார்கள்.

பி வரிசை மொத்தமும் இரண்டாவது ப்ராசஸருக்குச் சொந்தம். அந்த ப்ராசஸர் இல்லாமல் அந்த 12 மெமரி இடமும் வெறும் பிளாஸ்டிக்தான். மெமரியோடு பேசுகிற கன்ட்ரோலர் இப்போது போர்டில் தனியாக இல்லை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் ஈ5-2650 வி4-இல் நான்கு சேனல் (மெமரிக்குப் போகும் தனித்தனிப் பாதை), சேனலுக்கு மூன்று இடம், ஆக ஏ1 முதல் ஏ12 வரை. பி பக்கத்துக் கம்பிகள் எல்லாம் அந்தக் கறுப்பு மூடி இருக்கிற சாக்கெட்டில் போய் நிற்கின்றன. பேச்சிப்பாறை அணையில் ஷட்டரே திறக்காமல் கடைவரம்பில் மடையை வெட்டிவிட்டு நின்றால் வயலுக்குத் தண்ணீர் வருமா? அந்தக் கதைதான்.

நீங்கள் "சமமாக" என்று நினைத்ததிலும் தப்பு இல்லை. இன்டெல் சர்வர்களில் முன்பு மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்கு வெளியே தனிச் சிப்பில்தான் இருந்தது. அப்போது ஒரு ப்ராசஸர் இருந்தாலும் எல்லா மெமரி இடமும் வேலை செய்யும். 2009-இல் ஜியான் 5500 வரிசை வந்தபோதுதான் இன்டெல் அதை உள்ளே கொண்டு போனது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆப்டெரான் ப்ராசஸரில் 2003-லேயே அப்படித்தான். மெமரிக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் இருந்த ஒரு படி குறைந்தது, வேகம் கூடியது. ஆனால் போர்டு இரண்டு பங்காளி வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு பாதி, நடுவில் க்யூபிஐ என்கிற பாதை. பக்கத்து வீட்டு மெமரி வேண்டுமென்றால் அந்தப் பாதை வழியாகக் கேட்டு வாங்கவேண்டும், அதற்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும்.

நெட்வொர்க் கார்டும் இதே காரணம்தான். கார்டுகளுக்குப் போகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள் ஒவ்வொரு ப்ராசஸரிலிருந்தும் 40 புறப்படுகின்றன. நீங்கள் கார்டு செருகிய ரைசர் (கார்டைத் தாங்கும் துணைப் பலகை) இரண்டாவது சாக்கெட்டோடு கட்டியது. வேறு ரைசருக்கு மாற்றுங்கள். எது எந்த ப்ராசஸருக்கு என்று மேல் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தில் இருக்கும்.

ஆகவே அந்த நான்கையும் பி-யிலிருந்து எடுத்து ஏ5 முதல் ஏ8 வரை போடுங்கள். சேனலுக்கு இரண்டு ஆகும். மூன்றாவது வரிசையையும் நிரப்பினால் மெமரி வேகம் இறங்கும், அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை. கழற்றுவதற்கு முன்னால் இரண்டு பவர் கேபிளையும் உருவிவிட்டு, போர்டில் எரிகிற சின்ன விளக்கு அணைகிற வரை பொறுங்கள். ஆஃப் செய்த பிறகும் நெட்வொர்க் போர்ட்டில் விளக்கு மின்னுவதற்கும் காரணம் இருக்கிறது. போர்டில் பிஎம்சி என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியாக இருக்கிறது. அதற்குத் தனி ப்ராசஸர், பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட். சர்வர் ஆஃப் ஆனாலும் பவர் கேபிள் செருகியிருக்கிற வரை அது விழித்திருக்கும். ஃபேன் வேகம், சூடு, எந்த மெமரியில் பிழை என்று எல்லாம் குறித்து வைக்கிறது அதுதான். பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்து ஈவென்ட் லாக் பாருங்கள், பி1 என்று பேர் சொல்லியே எழுதியிருக்கும். அதோடு வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்தப் போர்ட்டை எந்தக் காரணத்துக்கும் இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீர்கள். அது அடுத்தவன் கைக்குப் போனால் சர்வரே அவன் கைக்குப் போனது.

இனி மூடி. தயவுசெய்து இப்போதே எழுந்து போய் அதைப் போட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். இந்தப் பெட்டியில் காற்றுக்கு ஒரே வழிதான். முன்னால் டிஸ்க்குகளுக்கு இடையில் நுழைந்து, நடுவில் ஃபேன் வரிசை இழுத்து, கறுப்பு பிளாஸ்டிக் கூடு வழியாக மெமரி, ப்ராசஸரின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க் மேலே தள்ளி, பின்னால் போகும். மூடி இல்லை என்றால் ஃபேன் தள்ளுகிற காற்று மேலே போய்விடும், ஹீட்சிங்க்கின் இதழ்களுக்கு நடுவே போகாது. டேபிள் ஃபேன் அதை இன்னும் கலைக்கும். காலியாக இருக்கிற டிஸ்க் இடத்துக்கும் டம்மி போட்டிருப்பது இதற்காகத்தான்.

ஜன்னலையும் அடைத்துவிடுங்கள். எனக்கு அந்தக் காற்றில் பயம் உண்டு. கடற்கரையில் ஒரு கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது செம்பு தெரிகிற இடமெல்லாம் பச்சை பூத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் உலோகம் அரிக்கும். சாதாரண கம்ப்யூட்டரை விட இந்த ஃபேன்கள் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கின்றன, உப்பும் அத்தனை மடங்கு வரும். ஏசி வரும் வரைக்கும் பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

தக்கலை_லேப் எழுதியது:

கருங்கல் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாங்கின மெமரியின் ஸ்டிக்கரைப் பாருங்கள். பிசி4-2400டி என்பதற்குப் பிறகு வருகிற முதல் எழுத்து ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு (சிக்னலை நடுவில் ஒரு சிப் வாங்கிக் கொடுக்கும் வகை), உங்களுக்கு அதுதான் வேண்டும். ஈ அல்லது யூ என்றால் அந்தச் சிப் இல்லாத அன்பஃபர்டு, இரண்டையும் கலந்து போட்டால் சர்வர் எழும்பவே எழும்பாது. உங்களுடையது ஏ பக்கத்தில் தனியாக ஓடியது என்கிறீர்கள், இருந்தாலும் கலப்பதற்கு முன் எழுத்தைப் பார்த்துவிடுங்கள். நோயாளிகளின் படம் வைக்கிற இடத்தில் ஈசிசி மெமரி இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. 64 பிட் தகவலுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் புரண்டால் அதுவே திருத்திக்கொள்ளும், இரண்டு புரண்டால் கூச்சல் போடும்.

இரண்டாவது ப்ராசஸரை இப்போது வாங்க வேண்டாம். படம் சேமிக்கிற வேலைக்கு 12 கோர் ஏராளம், அந்தப் பணத்தை டிஸ்க்கிலும் பேக்கப்பிலும் போடுங்கள். ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தங்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்ப்பது) இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். டிஸ்க் போனால்தான் ரெய்டு காப்பாற்றும், தவறி அழித்த படத்தை அது காப்பாற்றாது. என்றைக்காவது வாங்கினால் அதே மாடல்தான் வேண்டும். அதுவரை அந்தக் கறுப்பு மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 2011 கம்பிகள் முடி மாதிரி நிற்கின்றன, விரல் பட்டால் வளைந்துவிடும்.

பவர் சப்ளை இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகியிருந்தால் பிரித்துவிடுங்கள். ஒன்று யூபிஎஸ், மற்றது சர்ஜ் காப்பு வைத்து வேறு லைன். ஒவ்வொன்றும் தனியாக முழு பாரத்தையும் தாங்கும். அப்புறம் எர்த். ஐப்பசியில் நம்மூர் இடி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பாருங்கள், எங்கள் லேபில் 2 வோல்ட்டைத் தாண்ட விடமாட்டோம்.

குளச்சல்_ஸ்கேன்ரூம் எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மூடியை அப்போதே போட்டுவிட்டேன். கால் மணி நேரத்தில் ஃபேன் சத்தம் பாதியாகக் குறைந்தது.

லாக்கில் அண்ணன் சொன்னபடியே பி1, பி2 என்று வரிசையாக இருந்தது. ஸ்டிக்கரில் எட்டிலும் ஆர். நான்கையும் ஏ5 முதல் ஏ8 வரை மாற்றினேன், 112தான் காட்டியது. ஏ7-ஐ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் உள்ள தங்க முலாம் பற்களில் ஓரமாக நாலைந்தில் மங்கலாக ஒரு படலம். இரண்டு வாரம் ஜன்னலோரம் கவரைப் பிரித்து வைத்திருந்தது நான்தான். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பைய துடைத்து, காயவைத்துப் போட்டேன், 128 வந்துவிட்டது. கார்டும் அடுத்த ரைசரில் உடனே தெரிந்தது.

எர்த் அளந்ததில் 9 வோல்ட் வந்தது. எலக்ட்ரீஷியன் நாளைக்குக் குழியைத் திறந்து பார்க்க வருகிறார்.

கருங்கல்_ரேக் எழுதியது:

9 வோல்ட் கூடுதல்தான். அவர் பார்த்து முடிக்கும் வரை பழைய டெஸ்க்டாப்பிலேயே படங்கள் இருக்கட்டும், இதற்கு மாற்றாதீர்கள். அந்த ஏ7-ஐ ஒரு வாரம் லாக்கில் கவனியுங்கள், திருத்தின பிழை என்று வந்துகொண்டே இருந்தால் மாற்றிவிடலாம். நான் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் குளச்சல் வருவேன், ஒரு எட்டு வந்து பார்க்கிறேன்.