அறிவியல் கண்காட்சியில் நடுவர் கேட்ட ஒரு கேள்வி: இன்னும் மறக்க முடியாதவர்கள் எழுதுங்கள்

மின்மினி:
ஒன்பதாம் வகுப்பு. எல்லோரும் செய்கிற அதே எலுமிச்சை மின்கலம்தான். நான்கு பழம், துத்தநாகம் பூசிய ஆணிகள், செம்புக் கம்பி, ஒரு சிவப்பு எல்இடி. காலையிலிருந்து மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நடுவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரு பழத்திலிருந்து ஆணியை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். எல்இடி அணைந்தது. "மின்சாரம் எதிலிருந்து வருதும்மா, பழத்திலிருந்தா, இதிலிருந்தா?" "பழத்திலிருந்து சார்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கையில் ஆணி ஈரமாக இருந்தது. சாற்றில் இருந்த பாதி மட்டும் பளபளப்புப் போய்ச் சொரசொரத்துக் கிடந்தது. பதில் என் கையிலேயே இருந்திருக்கிறது. மூன்று நாளாக அதைத் தொட்டுத் தொட்டுச் சொருகியும் ஒரு முறைகூட நான் உற்றுப் பார்க்கவில்லை.

ஈரமண்:
என்னுடையது இசைக்குச் செடி வளருமா என்பது. மூன்று தொட்டி பாட்டோடு, மூன்று பாட்டில்லாமல். பாட்டு கேட்டவை நன்றாக உயர்ந்தன, கிராஃப் போட்டு ஒட்டினேன். "இரண்டு அறையிலும் வெளிச்சம் ஒன்றுதானா?" என்று நடுவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த தங்கை "பாட்டில்லாத ரூம்ல ஜன்னலே கிடையாதே" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இரண்டு மாத உழைப்பு அந்த ஒரு வரியில் போனதுதான் இன்னும் வலிக்கிறது.

கரும்பலகை:
மின்மினி, அந்த நடுவர் செய்தது சரியில்லை. கேள்வி அருமையான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போகலாமா? துத்தநாகம் கரைந்து எலக்ட்ரானை விடுகிறது, பழச்சாறு அயனிகள் நகர வழி தருகிறது என்று சொல்ல அரை நிமிடம் போதும். நானும் பதினொன்றில் பங்கெடுத்தேன், நீர் வடிகட்டி, பரிசு இல்லை. இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாளிலிருந்து தேதி போட்டுப் பேனாவால் ஒரு நோட்டில் எழுதுங்கள், தப்பாக வந்த அளவையும் அடிக்காமல் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஈரமண் மாற்றியது இரண்டு, பாட்டும் வெளிச்சமும். மூன்று தொட்டியும் போதாது, ஒன்று பட்டுப்போனால் கணக்கே சாய்ந்துவிடும். விளக்கும்போது சார்ட்டைப் படிக்காதீர்கள், என்ன தெரிந்துகொள்ள நினைத்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பதில் தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். "தெரியவில்லை, இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்" என்று சொல்லுங்கள்.

ரொட்டித்துண்டு:
நான் மேசை வரைக்குமே போகவில்லை. ரொட்டியில் பூஞ்சை எங்கே சீக்கிரம் வரும் என்று வீட்டில் வளர்த்து, பச்சையும் கறுப்புமாகப் பன்னிரண்டு பையோடு போனேன். பதிவு செய்யும் இடத்திலேயே வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். விதி அப்புறம்தான் தெரிந்தது. ஐசெஃப் என்கிற சர்வதேசப் பள்ளி அறிவியல் போட்டி போன்றவற்றில் வீட்டில் நுண்ணுயிர் வளர்க்கவே கூடாது. உணவில் பூஞ்சை வருவதைப் பார்க்கலாம், ஆனால் முதல் புள்ளி தெரிந்ததும் சோதனையை நிறுத்திவிட வேண்டும். எனக்குத் தேவையானதும் அந்த முதல் புள்ளி வந்த நாள் மட்டும்தான். அதை எழுதிவைத்துவிட்டுப் பையை அப்புறப்படுத்தியிருக்கலாம். கரும்பலகை, நோட்டு, சார்ட்டு எல்லாம் சரி, அதற்கும் முன்னால் விதிப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

மின்மினி:
கரும்பலகை, அவர் மேல் எனக்குக் குறையில்லை. பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் உப்புநீரில் புது ஆணியையும் கம்பியையும் போட்டு மல்டிமீட்டரை வைத்தேன். பழமே இல்லை, ஆனாலும் வோல்ட் காட்டியது. இரவு பத்து மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

ஈரமண்:
மின்மினி, இரண்டு ஆணியையே போட்டுப் பார்த்தீர்களா, செம்பு இல்லாமல்?